கான்சொமே கலங்குவது ஏன்?

கேள்வி: தெளிந்த சூப்பைக் கான்சொமே என்று கேட்டரிங் வகுப்பில் சொல்லித் தந்தார்கள். அந்தப் பெயர் எப்படி வந்தது? ஸ்டாக்கை, அதாவது எலும்பு, இறைச்சி வேகவைத்த சாற்றை, துணியில் வடிகட்டினால் அதுவும் கான்சொமேதானா? நான் செய்தது கடைசியில் கலங்கிவிட்டது.

பதில்: இந்தப் பிரெஞ்சுப் பெயரில் தெளிவு என்ற பொருளே கிடையாது. முடித்தல், முழுமையாக்குதல் என்று பொருள்படும் 'கான்சொமே' என்ற வினையிலிருந்து பிறந்தது. அதன் வேர் லத்தீன் 'கொன்சும்மாரே'. இறைச்சியின் சாரம் முழுக்க நீரில் இறங்கிய, அடர்ந்த சாறு என்பதே கருத்து. 1903இல் வெளிவந்த, பிரெஞ்சுச் சமையல் வல்லுநர் எஸ்கோஃபியேயின் சமையல் நூல், தெளியவைக்காத அடிப்படைச் சாற்றையும் சாதாரணக் கான்சொமே என்றே குறிக்கிறது. இன்று ஓட்டல் சமையலறைகளில் தெளியவைத்ததற்கு மட்டுமே இந்தப் பெயர்.

வடிகட்டிய ஸ்டாக் கான்சொமே ஆகாது. கலங்கலாகத் தெரியும் நுண்துகள்கள் துணியிலும் நழுவிவிடும். அவற்றைப் பிடிக்க முட்டை வெள்ளைக்கரு வேண்டும். வெள்ளைக்கரு மட்டும் போதாது. அது துகளோடு சுவையையும் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். அந்த இழப்பை ஈடுசெய்யத்தான் கொத்திய இறைச்சி. இதை மிச்சம் பிடித்தால் நிறமுள்ள வெந்நீர்தான் கிடைக்கும்.

ஒரு லிட்டர் ஸ்டாக்குக்குக் கொழுப்பில்லாத கொத்திறைச்சி 250 கிராம், வெள்ளைக்கரு 2, பொடியாக நறுக்கிய வெங்காயம், கேரட், செலரி சேர்த்து 100 கிராம், தக்காளி 1, சில மிளகு, ஒரு பிரிஞ்சி இலை. தக்காளியின் புளிப்பு புரதம் உறைய உதவும். ஸ்டாக் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். மேலே உறைந்த கொழுப்பை வழித்துவிடுங்கள். எல்லாவற்றையும் அதில் கலந்து, அடிபிடிக்காமல் மெதுவாகக் கிளறியபடி சூடாக்குங்கள். சுமார் 50 டிகிரி வந்ததும் கரண்டியை எடுத்துவிட வேண்டும். 60ஐத் தாண்டும்போது புரதம் உறைந்து, துகள்களைச் சுருட்டிக்கொண்டு ஒரு தெப்பம்போல் மேலே எழும்பும். நடுவில் சின்னத் துளையிட்டு, அதன் வழியே அவ்வப்போது சாற்றை மொண்டு தெப்பத்தின்மேல் ஊற்றுங்கள். ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம், கொதிக்கவே விடாமல், ஓரிரு குமிழி எழும் சூட்டில் வைத்திருந்தால் போதும்.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், கடைசி நேரத்தில் கொதி வந்திருக்கும், அல்லது தெப்பத்தைக் கலைத்திருப்பீர்கள். கொதி வந்தால் தெப்பம் உடைந்து, பிடித்த துகளையெல்லாம் திரும்ப விட்டுவிடும். பாத்திரத்தை அப்படியே கவிழ்த்து வடிப்பதும் தவறு; துளை வழியே கரண்டியால் மொண்டு, நனைத்த மஸ்லின் துணியில் ஊற்ற வேண்டும். சூடான ஸ்டாக்கில் வெள்ளைக்கருவைப் போட்டால் கலப்பதற்குள் திரிதிரியாக வெந்துவிடும். கண்ணுக்குத் தெரியும் எண்ணெய்ப் புள்ளிகளை டிஷ்யூ தாளால் ஒற்றியெடுங்கள். உப்பு கடைசியில்தான், சாறு சுண்டுவதால் முன்பே போட்டால் கரிக்கும்.

பொன்னிறம் வேண்டுமென்றால், பாதி வெங்காயத்தை வெட்டுப்பக்கம் கருகும்வரை எண்ணெயில்லாக் கல்லில் சுட்டுச் சேர்க்கலாம்.

கேள்வி: முட்டை, இறைச்சி இல்லாமல் தெளிய வைக்க முடியுமா?

பதில்: முடியும். காளான் அல்லது காய்கறிச் சாறு ஒரு லிட்டருக்கு அகர் அகர் (சைனா கிராஸ்) தூள் 2 கிராம். சாற்றில் கால் பங்கை எடுத்து, அகரை அதில் இரண்டு நிமிடம் கொதிக்கவைத்து, அறைச் சூட்டில் இருக்கும் மீதிச் சாற்றில் கலந்து குளிரவிடுங்கள். தளர்ந்த கூழாக உறைந்ததும் லேசாகக் கீறி, துணியில் சொட்டுச் சொட்டாக இறங்க விடுங்கள். பிழிந்தால் அகரும் சேர்ந்து வந்துவிடும். பரிமாற மிதமாகச் சூடாக்கினால் போதும்.