வளர்ப்பு முயலுக்கு உண்மையிலேயே நம்மீது பாசம் உண்டாகுமா?

நாயைப்போல வாலாட்டி வரவேற்காத முயலுக்குப் பாசம் இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிச்சயமாக இருக்கும், அது வெளிப்படும் விதம்தான் வேறு. முயல் இரையாகும் விலங்கு என்பதால், தூக்கப்படுவதையே பிடிபடுவதாக உணர்ந்து அஞ்சும். அந்த அச்சம் தணிந்து, தரையில் அமர்ந்திருக்கும் நம் அருகே தானாகவே வந்து படுப்பதற்குப் பல வாரங்கள் ஆகலாம்.

காரைக்குடியில் எங்கள் வீட்டு வளவில் 7 ஆண்டுகளாக ஒரு வெள்ளை முயல் வாழ்கிறது. மாலையில் அப்பத்தா தூணருகே அமர்ந்ததும், வழுவழுப்பான ஆத்தங்குடித் தரைக்கல்லைத் தவிர்த்துக் கோரைப்பாயின் மீதே நடந்து வந்து, அவருடைய கால்விரலில் தாடையைத் தேய்க்கும். தாடைக்கடியில் உள்ள வாசனைச் சுரப்பியால் ‘இது என்னுடையது’ என்று குறித்துவைக்கும் செயல் அது. நெற்றியை வருடினால் பற்களை மெல்ல அரைக்கும். அது நிம்மதியின் அடையாளம். (வலியிலோ பற்களை உரக்கக் கடிக்கும், இவ்விரண்டையும் பிரித்தறியப் பழகிக்கொள்ளுங்கள்.)

நோயை மறைப்பது முயலின் இயல்பு. அரை நாள் உண்ணாமல் இருந்தாலே குடலியக்கம் நின்று உயிருக்கு ஆபத்தாகலாம். சென்ற சித்திரை வெயிலில் அது அருகம்புல்லைத் தொடவில்லை என்பதை முதலில் கண்டுகொண்டவர் அப்பத்தாதான். அன்று மதியமே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசென்றதால் அது பிழைத்தது.