வரப்பில் நடந்தால் ஜெபமா?

கேள்வி: வீட்டு ஜெப அறையில் மனம் ஒட்டுவதில்லை. காலையில் வயல் வரப்பில் நடக்கும்போதுதான் ஆண்டவரோடு பேச வருகிறது. ‘கதவைப் பூட்டி ஜெபி என்றுதானே வேதம் சொல்கிறது’ என்கிறார் மாமியார். - ஒரு வாசகி, நாசரேத்

பதில்: மாற்கு 1:35-ஐ மாமியாரிடம் காட்டுங்கள். கப்பர்நகூமில் முந்தின சாயங்காலம் ஊரே வாசலில் கூடி நிற்க நோயாளிகளைக் குணமாக்கிய இயேசு, இருட்டோடே எழுந்து ஆளில்லாத இடத்துக்குப் போய் ஜெபித்தார், சீடர் சீமோன்தான் தேடிக்கொண்டு போனார். சிலுவைக்கு முந்தின இரவு அவர் ஜெபித்த கெத்செமனேயும் தோட்டம்தானே! கதவைப் பூட்டச் சொன்னது, பிறர் பார்க்கவேண்டுமென்று தெருமுனையில் நின்று ஜெபித்தவர்களை மனதில் வைத்து. வரப்பில் கொக்கைத் தவிர யார் பார்க்கப்போகிறார்கள்? செல்போனை மட்டும் வீட்டில் வையுங்கள். 19-ஆம் சங்கீதத்தில் தினம் ஒரு வசனம் எடுத்து, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நடங்கள். அப்புறம், ஞாயிறு ஆராதனைக்கு இது பதிலாகாது, அதில் நான் மாமியார் பக்கம்.