தாமரை நுனியில் மட்டும் ரோஸ்: கிரேப் தாளுக்கு நிறம் ஏற்றுவது எப்படி?

கேள்வி: கொலு சமயத்தில் கிரேப் பேப்பரில் தாமரை செய்து விற்கிறேன். எங்கள் ஊர்க் கடையில் ஒரே ஒரு அடர் ரோஸ்தான் கிடைக்கிறது. நிஜத் தாமரை மாதிரி நுனி சிவந்தும் அடி வெளுத்தும் இருக்கட்டும் என்று வெள்ளைத் தாள் வாங்கி வாட்டர் கலர் அடித்தேன். இதழ் துவண்டுவிட்டது, சுருக்கம் போய்விட்டது, காய்ந்தபின் நடுவில் திட்டாக ஒரு கோடு. எங்கே தவறு?

பதில்: வெள்ளைத் தாள் வாங்கியது சரி. தண்ணீர்தான் அதிகமாகிவிட்டது.

கிரேப் தாளின் சுருக்கம் எப்படி வருகிறது தெரியுமா? ஈரத்தாளைச் சூடான உருளையில் ஒட்டவிட்டு, தகடு ஒன்றால் சுரண்டி எடுப்பார்கள். அப்போது விழும் மடிப்பு, காய்ந்ததும் அப்படியே நின்றுவிடும். மறுபடி நனைத்தால் நார்கள் இளகி, மடிப்பு நீண்டுகொள்ளும். சுருக்கம் போனால் இழுவை, அதாவது இழுத்தால் நீளும் தன்மை, போச்சு. இழுவை இல்லாத இதழில் கிண்ணம் மாதிரி குழி விழாது. நான் பழகிய புதிதில் நனைந்த இதழ்களை நோட்டுப் புத்தகங்களுக்கு அடியில் வைத்துக் காயவைத்தேன். மறுநாள் எடுத்தால் எல்லாம் கடலை மடிக்கிற காகிதம் மாதிரி தட்டையாகக் கிடந்தன. அதனால் நிறம் ஏற்றிய தாளின் மேல் பாரம் வைக்கவே வைக்காதீர்கள்.

தாமரைக்கு என் முதல் யோசனை, தண்ணீரே வேண்டாம் என்பதுதான். ஸ்டேஷனரி கடையில் சாஃப்ட் பேஸ்டல் கேளுங்கள், சாக்பீஸ் மாதிரி பொடியாகும் கலர் குச்சி அது. ஆயில் பேஸ்டலைக் கொடுத்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அது பொடியாகாது. ரோஸ் குச்சியை பிளேடால் ஒரு தட்டில் சுரண்டி, பழைய பவுடர் பிரஷில் தொட்டு, தட்டின் ஓரத்தில் ஒருமுறை தட்டிவிடுங்கள். சுருக்கம் மேலிருந்து கீழாக ஓடும்படி இதழை வெட்டியிருப்பீர்கள் அல்லவா? பிரஷும் அதே திசையில், நுனியில் தொடங்கி அடியை நோக்கி இறங்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் மேடுகளில் மட்டும் நிறம் ஒட்டி வரி வரியாகத் தெரியும். பாதி இதழ் வரும்போது பிரஷில் பொடி தானாகத் தீர்ந்திருக்கும். வெளுப்பு அங்கே இயல்பாக வந்துவிடும். நுனிக்கு மட்டும் இன்னொரு கை. பிறகு ஒரு முழத்துக்கும் சற்று அதிக தூரத்திலிருந்து ஹேர் ஸ்ப்ரேயைப் பனி மாதிரி இரண்டு தடவை, நடுவில் காயவிட்டு. கிட்ட பிடித்தால் அதுவே ஈரமாகிவிடும். குழி கொடுப்பதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

கோலப்பொடியைத் தொட்டுப் பார்க்கலாமா என்று சிலர் கேட்பார்கள். குருணை அது, ஒட்டாது. மஞ்சள்தூள் ஒட்டும், ஆனால் வெளிச்சம் பட்டால் சீக்கிரம் வெளுக்கும். சோப்புக் கையோ சுண்ணாம்போ பட்டால் ஆரத்தித் தண்ணீர் போலச் சிவந்தும் போகும்.

பொடியில் கிடைக்காத ஆழமான சிவப்பு வேண்டும் என்றால் முக்குவதுதான் வழி. அதற்கு உங்கள் ஊர்க் கடையின் அடர் ரோஸ் தாளே போதும். தோரணத்துக்கு வாங்குகிற மெல்லிய கிரேப் பெரும்பாலும் ஈரம் பட்டதும் சாயம் போகும். அந்தக் குறைதான் இங்கே நமக்கு வசதி. வெட்டி மிஞ்சிய துண்டுகளை நாலைந்து ஸ்பூன் வெந்நீரில் அரைமணி நேரம் ஊறவிட்டால் ரோஸ் சாயம் கையில். வெள்ளை இதழ்கள் நாலைச் சேர்த்து அடியில் பிடித்துக்கொண்டு, நுனியை அரை சென்டிமீட்டர் மட்டும் முக்கி உடனே எடுங்கள். சாயம் சுருக்கத்தின் வழியே மேலே ஏறுவது கண்ணுக்கே தெரியும். மூன்றில் ஒரு பங்கு ஏறியதும் பழைய வேட்டித் துணியில் ஒத்தி எடுத்து, இதழ்களைப் பிரித்து, கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள்.

உங்களுக்கு விழுந்த கோடு ஏன் என்றால், ஈரம் எங்கே நின்று காய்கிறதோ அந்த விளிம்பில் சாயம் சேர்ந்துவிடும். மேசையில் காபி சிந்திக் காய்ந்த வட்டம் மாதிரி. அந்த விளிம்பை, காயும் முன்பே, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் (ஒருவகை ஸ்பிரிட்) தொட்ட பஞ்சால் லேசாக ஒற்றினால் கோடு கலைந்துவிடும். ஆல்கஹால் சீக்கிரம் ஆவியாவதால் சுருக்கமும் அதிகம் கெடாது. 70 சதவீதம் என்று விற்பதில் மீதி பெரும்பாலும் தண்ணீர். 99 சதவீதம் கிடைத்தால் நல்லது. தீப்பிடிக்கும் சாமான், அடுப்பும் விளக்கும் இல்லாத இடத்தில், ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள்.

அடர் ரோஸ் தாளின் அடியை பிளீச்சில் முக்கி வெளுக்க வைப்பவர்களும் உண்டு. எனக்கு அதில் விருப்பமில்லை. சில சாயம் வெள்ளையாகாமல் மங்கிய ஆரஞ்சாகும், தாளும் வலுவிழக்கும். செய்துதான் பார்ப்பேன் என்றால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வினிகர், கழிவறை ஆசிட் எதுவும் அதன் பக்கத்தில் வரக்கூடாது, கலந்தால் நச்சு வாயு.

இன்னொன்று. எல்லா இதழுக்கும் ஒரே அளவு நிறம் கொடுத்தால் பிளாஸ்டிக் பூ மாதிரி இருக்கும். தாமரை பூத்து மூன்று நாலு நாளில் உதிர்ந்துவிடுகிறது, அதற்குள்ளேயே நிறமும் வெளிறும். மொட்டுக்கு அடர்த்தியாகவும், முழுக்க விரிந்த பூவுக்கு இளசாகவும் கொடுங்கள். வெளிச்சுற்று இதழ்கள் இரண்டின் முதுகில் இளம்பச்சைப் பொடி ஒரு தடவல். அடிப்பக்கம் பளிச் வெள்ளையாக இல்லாமல் லேசான தந்த நிறம் வேண்டுமென்றால், பால் சேர்க்காத டீ டிகாஷனை நிறையத் தண்ணீர் விட்டு நீர்க்கவைத்து, துணியில் நனைத்துப் பிழிந்து, ஒற்றினால் போதும்.

ஒட்டும்போது ஃபெவிகாலைத் தண்ணீர் விட்டு இளக்காதீர்கள். அந்த ஈரத்திலும் சாயம் கசிந்து அடிவெள்ளையைக் கறையாக்கும். குச்சி நுனியில் தொட்டு ஒரு புள்ளி போதும். வாங்குகிறவர்களிடம் இரண்டு விஷயம் சொல்லி அனுப்புங்கள்: வெயில் விழும் ஜன்னலோரப் படியில் வைக்க வேண்டாம், பன்னீர் தெளிக்கும்போது இந்தத் தாமரையைக் கொஞ்சம் நகர்த்திவிடுங்கள். ஒரு சொட்டு பட்டாலும் கீழே விரித்திருக்கும் வெள்ளை வேட்டியில் ரோஸ் இறங்கிவிடும்.