வரிசைச் சோடியைச் சரிபார்க்கத் தனிப் பயிற்சி எதற்கு?

ஒரு வரிசைச் சோடி (எக்ஸின் மதிப்பை முதலிலும் ஒய்யின் மதிப்பை அடுத்தும் வைத்து எழுதும் இரண்டு எண்கள்) சமன்பாட்டின் தீர்வா என்று அறிய எண்களைப் பிரதியிட்டாலே போதுமே, அதற்கு எதற்கு இத்தனை கணக்குகள் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்து, ஒரே சாயலில் வந்த கணக்குகளைப் பார்த்துச் சலித்துப்போய்க் கேட்டிருப்பீர்கள் என்று எண்ணுகிறேன். நான் கணித ஆசிரியர் அல்லன். ஒரு நிறுவனத்தில் கணக்கு எழுதுபவன். ஆனால், பிரதியிட்டால் போதும் என்று நம்பி மதிப்பெண் இழந்தவன் என்பதால் எழுதுகிறேன்.

முறை எளிது என்பதை மறுக்கவில்லை. 2எக்ஸ் + 3ஒய் = 12 என்ற சமன்பாட்டில் (3, 2) என்ற சோடியை இட்டால் 6 + 6 = 12 என்று இரு பக்கமும் சமமாகிவிடுகிறது; ஆகவே அது தீர்வு. அதையே (2, 3) என்று மாற்றி இட்டால் 4 + 9 = 13 வருகிறது; ஆகவே தீர்வு அன்று. இந்த அளவில் தவறு செய்பவர் குறைவு.

என் தவறு பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் நடந்தது. ஒரு நோட்டும் ஒரு பேனாவும் சேர்ந்து 7 ரூபாய், ஒரு நோட்டும் இரண்டு பேனாக்களும் சேர்ந்து 10 ரூபாய், ஒவ்வொன்றின் விலை என்ன என்பது கணக்கு. பேனாவை எக்ஸ் என்றும் நோட்டை ஒய் என்றும் கொண்டு, எக்ஸ் + ஒய் = 7, 2எக்ஸ் + ஒய் = 10 என்று எழுதி, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து எக்ஸ் = 3, ஒய் = 4 என்று சரியாகவே கண்டுபிடித்தேன். தீர்வைச் சோடியாக எழுதும்போது மட்டும், வினாவில் நோட்டு முதலில் வந்திருந்ததால் கை தானாக (4, 3) என்று எழுதிவிட்டது. பிறகு சரிபார்த்தேன் என்பதுதான் இதில் வேடிக்கை. முதல் சமன்பாட்டில் இட்டேன்; 4 + 3 = 7. அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டு, மீதி நேரம் முழுவதும் நிம்மதியாக இருந்தேன்.

எக்ஸ் + ஒய் = 7 என்பதில் எண்களை இடம் மாற்றினாலும் கூட்டுத்தொகை மாறாது; ஆகவே அந்தச் சமன்பாட்டால் என் பிழையைக் காட்டிக்கொடுக்க இயலாது. இரண்டாவதில் இட்டிருந்தால் 8 + 3 = 11 வந்து அப்போதே பிடிபட்டிருக்கும். விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்த ஆசிரியர், “இரண்டாவது சமன்பாட்டை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தாயா?” என்று கேட்டார். வகுப்பே சிரித்தது.

அலட்சியத்தை முறையின் தலையில் கட்டுவதாகச் சிலர் சொல்லக்கூடும். அலட்சியம்தான், ஒப்புக்கொள்கிறேன், ஆயினும் அந்தப் பயிற்சி எந்த அலட்சியத்தைப் பிடிப்பதற்காக வைக்கப்பட்டதோ அதையே நான் செய்தேன் என்பதைக் கவனிக்க வேண்டும். (சோடியில் வரிசை முக்கியம் என்பதற்குக் கணிதவியலாளர்களும் வரையறை தேடியிருக்கிறார்கள், போலந்து நாட்டுக் குராட்டோவ்ஸ்கி 1921இல் கணங்களைக் கொண்டே அதை வரையறுத்தார் என்று பின்னாளில் படித்தபோது, என் (4, 3) கொஞ்சம் கௌரவம் பெற்றதுபோல் இருந்தது.)

குறை எண்கள் வரும்போது கவனம் இன்னும் தேவை. ஒய் = எக்ஸ்² − 1 என்பதில் (−2, 3) தீர்வா என்று பார்க்கும் பிள்ளை, −2ஐ அடைப்புக்குறிக்குள் வைக்காமல் வர்க்கப்படுத்தி −4 என்று எழுதினால், வலப்பக்கம் −5 ஆகி, உண்மையான தீர்வையே தள்ளிவிடும். மாறாக, ஒய் = √எக்ஸ் என்பதை இருபுறமும் வர்க்கப்படுத்திய பிறகு (4, −2)ஐச் சோதித்தால் தீர்வு போலவே தோன்றும்; முதலில் தந்த சமன்பாட்டில் இட்டால் −2 = 2 என்று வந்து நிற்கும். வழிகாட்டி நூல் ஒன்றில் இப்படி உருமாற்றிய சமன்பாட்டிலேயே சரிபார்த்துக் காட்டியிருந்ததை என் மகளின் புத்தகப் பையில் கண்டபோது வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

உங்கள் பிள்ளைக்கு இருபது கணக்குகள் சலிப்பாக இருந்தால், பத்தை விட்டுவிடச் சொல்லுங்கள்; அதற்குப் பதிலாக 2எக்ஸ் + 3ஒய் = 12 என்பதற்குப் பொருந்தும் சோடிகளை அவரே தேடட்டும். (0, 4), (6, 0) எளிதில் கிடைக்கும். (−3, 6)ஐக் கண்டுபிடிக்கச் சற்று நேரமாகும்.