ஆற்றுத் தண்ணீரும் டோக்கனும்: கேட்டவர்களுக்குப் பதில்

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே ஒரு கழிவுநீர் ஆய்வுக்கூடத்தில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். ஆற்றில் சேரும் நைட்ரஜன், பாஸ்பரஸ் என்ற உரச்சத்துகளைக் குறைப்பவருக்கு கிரெடிட் கொடுத்து, அதை பிளாக்செயின் டோக்கனாக, அதாவது பல கணினிகளில் ஒன்றாகப் பதிவாகும் பொதுக் கணக்கேட்டில் உள்ள டிஜிட்டல் சீட்டாக, விற்கும் யோசனை பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

வெருலம், கல்லூரி மாணவி: ஐயா, கிரெடிட் என்றால் சுருக்கமாக என்ன?

பிரிட்டோரியா பக்கம் உள்ள ஹார்ட்பீஸ்பூர்ட் அணையில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடப்பதைப் படத்திலாவது பார்த்திருப்பாய். வயலில் இருந்தும் கழிவுநீர் நிலையத்தில் இருந்தும் வழிந்து வரும் உரச்சத்துதான் அதற்குத் தீனி. ஒருவர் தன் பங்கைக் குறைத்துக் காட்டினால், குறைக்க அதிகம் செலவாகும் இன்னொருவர் அந்தக் குறைப்பை விலைக்கு வாங்கித் தன் கணக்கில் காட்டலாம், அவ்வளவுதான். அமெரிக்காவின் கனெக்டிகட்டில் 2002 முதல் நைட்ரஜனுக்கு இப்படி நடக்கிறது, வர்ஜீனியாவில் 2005இல் சட்டமே வந்தது. இரண்டும் டோக்கன் இல்லாமலே தொடங்கியவை.

டோங்காட், கரும்பு விவசாயி: அண்ணா, யூரியாவைப் பாதியாகக் குறைத்துவிட்டேன். அந்தப் பாதிக்கு கிரெடிட் உண்டா?

மூட்டைக் கணக்கு வேறு, ஆற்றுக் கணக்கு வேறு தம்பி. போட்டதில் எவ்வளவு கரும்பு எடுத்தது, எவ்வளவு காற்றில் போனது, எவ்வளவு நிலத்தடியில் இறங்கியது என்று மூட்டை சொல்லாது. உர நைட்ரஜன் மண்ணில் நைட்ரேட்டாக மாறும்; ஏற்கெனவே நிலத்தடியில் இறங்கிய நைட்ரேட் ஓடைக்கு வந்து சேரவே சில இடங்களில் பல வருடம் ஆகும். உங்கள் ஓடையில் நொடிக்கு 50 லிட்டர் ஓடுகிறது, லிட்டருக்கு 5 மில்லிகிராம் நைட்ரஜன் என்று வைப்போம். ஒரு நாளைக்கு 21.6 கிலோ. மழை பெய்து ஓடை நொடிக்கு 2,000 லிட்டராகப் பெருகி, அளவு அதே 5 ஆக இருந்தால்? 864 கிலோ. அதாவது நாற்பது நாள் சுமை ஒரே நாளில் போய்விடுகிறது. பாஸ்பரஸ் இன்னும் மோசம், அது மண்ணோடு ஒட்டிக்கொண்டு வெள்ளத்தில்தான் பெரும்பாலும் நகரும். மாதம் ஒரு முறை வெயில் நாளாகப் பார்த்துப் பாட்டிலில் பிடித்து வரும் தண்ணீரை வைத்து யாராவது கிரெடிட் எழுதினால் நம்பாதீர்கள். ஓட்டத்தை இடைவிடாமல் அளக்க வேண்டும், மழையில் போய் மாதிரி எடுக்க வேண்டும், உரம் குறைப்பதற்கு முந்தைய வருடங்களின் அளவும் கையில் இருக்க வேண்டும்.

ஸ்டேங்கர், ஆசிரியை: ஒரே ஓடைத் தண்ணீருக்கு ஒரு லேப் நைட்ரேட் 44 என்கிறது, இன்னொன்று 10 என்கிறது. யார் தவறு?

இரண்டும் சரியாக இருக்கலாம் அம்மா. முதலாவது நைட்ரேட்டை அதிலுள்ள ஆக்ஸிஜனோடு முழுசாக எடை போட்டிருக்கும், இரண்டாவது அதிலுள்ள நைட்ரஜனை மட்டும். இடையில் சுமார் 4.4 மடங்கு வித்தியாசம் வரும். நான் வேலை செய்த இடத்திலேயே இந்தக் குழப்பம் ஒரு வருட அறிக்கையைக் கெடுத்திருக்கிறது, இன்றும் அதை நினைத்தால் மனசு வலிக்கிறது. அப்புறம், பாட்டிலை சோப்புப் போட்டுக் கழுவாதீர்கள், சோப்பில் பாஸ்பேட் இருக்கலாம். ஆற்றுத் தண்ணீரிலேயே மூன்று முறை அலசி, ஓரத்தில் அள்ளாமல் ஓட்டத்தின் நடுவில் பிடித்து, உடனே ஐஸ் பெட்டியில் வையுங்கள். வெயிலில் காருக்குள் கிடந்த பாட்டில் எந்த ஆற்றையும் காட்டாது.

லெனேசியா, மென்பொருள் வேலை: நாடு முழுக்க ஒரே டோக்கன், ஒரே விலை என்று வைத்தால் சந்தை பெரிதாகுமே?

ஆகும், ஆனால் தண்ணீர் கெடும். கரியமில வாயுவை எங்கே குறைத்தாலும் வானம் ஒன்றுதான். எங்கள் டர்பன் பக்கத்து உம்கேனி ஆற்றில் குறைத்த பாஸ்பரஸ் ஹார்ட்பீஸ்பூர்ட்டுக்கு ஒரு துளி உதவாது, அதற்கு வேறு ஆறு. எந்த ஆறு, எந்த இடம், எந்த வருடம் என்று ஒவ்வொரு டோக்கனிலும் பதிய வேண்டும், வருடம் முடிந்ததும் அது காலாவதியாக வேண்டும். வயலில் குறைப்பது நிச்சயமில்லாதது என்பதால் இரண்டு கிலோ வாங்கினால் ஒரு கிலோதான் கணக்கு என்றுகூடச் சில இடங்களில் விதி வைத்திருக்கிறார்கள். அந்த விகிதத்தையும், டோக்கன் விற்பனையைத் தானே நடத்தும் ஒப்பந்த நிரலுக்குள்ளேயே எழுதலாம்.

சாட்ஸ்வர்த்: அப்படியானால் பிளாக்செயினால் என்னதான் பயன்?

ஒரே டோக்கனை இரண்டு பேருக்கு விற்க முடியாது. எழுதியதைச் சத்தமில்லாமல் திருத்த முடியாது. பயன்படுத்திய டோக்கனை எல்லார் கண்முன்னும் எரித்துவிடலாம், அதாவது மறுபடி விற்க முடியாதபடி நீக்கிவிடலாம். இந்த மூன்றும் பெரிய விஷயம்தான். ஆனால் ஆற்றில் அளக்கும் சென்சார் மேல் பாசி படிந்து பொய் சொன்னால், அந்தப் பொய்யும் அழியாமல் அங்கேயே இருக்கும். அதனால் சென்சாரைத் துடைக்கிற ஆளுக்கு முதலில் சம்பளம் ஒதுக்குங்கள்.

டோங்காட், அதே விவசாயி: ஒருவர் வந்து, இப்போதே பணம் கட்டிச் சேர்ந்தால் டோக்கன் தருகிறேன் என்கிறார்.

வாங்கப் போவது யார் என்று கேளுங்கள். வர்ஜீனியாவில் கழிவுநீர் நிலையம் வாங்குகிறது என்றால், உரிமத்தில் உள்ள வரம்பைத் தாண்டினால் தண்டனை உண்டு என்பதால்தான். இங்கேயும் சில ஆற்றுப் பகுதிகளில் ஆற்றில் விடும் கழிவுநீருக்கு லிட்டருக்கு 1 மில்லிகிராம் (பாஸ்பேட்டில் உள்ள பாஸ்பரஸ் மட்டும்) என்ற வரம்பு 1980இலேயே வந்தது, ஆனால் குறைப்பை வாங்கி அந்த வரம்பை ஈடுகட்டலாம் என்ற சட்டப்பூர்வச் சந்தை இல்லை. எழுத்தில் ஒரு வாங்குபவர் பெயர் வரும்வரை ஒரு ரேண்டும் கொடுக்காதீர்கள். உரத்தைக் குறைத்ததில் மிச்சமான பணம் எப்படியும் உங்களுடையது.