பழைய சின்த்களில் தாளம் விலகாமல் ஓர் ஆல்பம்: ஜூனோ-60, எஸ்எச்-101, டிஆர்-606

கேள்வி: ஜப்பானிலிருந்து வரவழைத்த ரோலண்ட் ஜூனோ-60 சின்த் (மின்னணு இசைக்கருவி), பேஸுக்கு எஸ்எச்-101 சின்த், டிஆர்-606 டிரம் மெஷின் மூன்றும் என்னிடம் உள்ளன. இரண்டு இன்புட் கொண்ட ஆடியோ இன்டர்ஃபேஸும் லேப்டாப்பும் இருக்கின்றன. எட்டு உருப்படிகளோடு ஓர் ஆல்பம் செய்ய ஆசை. கருவிகளை ஒவ்வொன்றாகப் பதிவு செய்தால் இரண்டாவது நிமிடத்துக்குள் தாளம் விலகிவிடுகிறது. பேஸ் சுருதி சேரவில்லை. எல்லாவற்றுக்கும் அடியில் ஓர் உறுமல் கேட்கிறது. மிடி (கருவிகளை ஒன்றோடொன்றும் கணினியோடும் பேச வைக்கும் இணைப்பு) உள்ள புதிய சின்த் வாங்கினால்தான் இது தீருமா? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: வாங்க வேண்டாம். 606 வந்தது 1981இல், மற்ற இரண்டும் 1982இல். மிடி புழக்கத்துக்கு வந்தது 1983இல். அதற்கு முன்பே இந்தக் கருவிகள் ஒன்றோடொன்று தாளம் சேர்ந்து வாசித்தன. 1982இல் பம்பாயில் சரண்ஜித் சிங், ரோலண்டின் டிஆர்-808, டிபி-303, ஜுபிடர்-8 ஆகிய மூன்றை வைத்துப் பத்து ராகங்களை ஓர் ஆல்பமாகவே பதிவு செய்தார். அந்த மூன்றிலும் மிடி இல்லை. உங்கள் மூன்று கருவிகளுக்கும் தேவைப்படுவது ஒரு பொதுவான துடிப்பு மட்டும்தான்.

அதற்கு முன் மின்சாரத்தைப் பாருங்கள். ஜப்பானில் விற்ற ஜூனோ என்றால் பின்பலகையில் 100 வோல்ட் என்று இருக்கும். நம் ஊர் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் பவர் சப்ளை அன்றோடு போகும். கடைகளில் எளிதாகக் கிடைக்கும் 110 வோல்ட் மாற்றியும் சரியான தீர்வு அல்ல. கூடுதலாக வரும் வோல்ட்டை உள்ளே இருக்கும் ரெகுலேட்டர் வெப்பமாக மாற்றித் தள்ள வேண்டியிருக்கும், நாற்பது வயதுக் கருவிக்கு அந்தச் சூடு ஆகாது. 230-இலிருந்து 100-க்கு இறக்கும், இரட்டைச் சுருள் கொண்ட ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் 100 விஏ அளவில் ஒன்று போதும். ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் வேண்டாம்.

இனி தாளம். 606-இன் டெம்போ குமிழில் எண் கிடையாது. அதன் கடிகாரம் அனலாக், சூடேறினாலும் மின்னழுத்தம் அசைந்தாலும் கொஞ்சம் நகரும். லேப்டாப்பில் 120 என்று வைத்துக்கொண்டு குமிழையும் காதால் 120-க்குத் திருப்பினால், அரை சதவீதம் தவறினாலே நான்கு நிமிடத்தில் 1.2 விநாடி விலகும். அந்த வேகத்தில் பதினாறில் ஒரு பங்கு ஸ்வரத்தின், அதாவது 606 எண்ணும் ஒரு படியின், நீளம் 125 மில்லிவிநாடிதான். அதாவது பாட்டின் முடிவில் ஒன்பது படிக்கும் மேல் தள்ளி நிற்பீர்கள். எவ்வளவு கவனமாகத் திருப்பினாலும் இதைக் கையால் பிடிக்க முடியாது.

ஆகவே லேப்டாப்பின் பின்னால் 606-ஐ ஓடவிடாதீர்கள். 606 முன்னால் போகட்டும், மற்றவை அதைத் தொடரட்டும். 606-இன் பின்னால் இரண்டு ட்ரிக்கர் அவுட் ஜாக்குகள் (மற்ற கருவிகளைத் தூண்டும் மின்துடிப்பு வெளிவரும் இடங்கள்) உள்ளன. ஒன்று லோ டாம், மற்றது ஹை டாம். எழுதுகிற ஒவ்வொரு பேட்டர்னிலும் பதினாறு படியிலும் லோ டாமைப் போட்டுவிட்டு, அதன் ஒலிக் குமிழைப் பூஜ்யத்துக்குக் குறையுங்கள். டாம் காதில் கேட்காது, ஆனால் ஜாக்கிலிருந்து படிக்கு ஒரு பல்ஸ் வந்துகொண்டே இருக்கும். இன்டர்ஃபேஸின் முதல் இன்புட்டில் 606-இன் மிக்ஸ் அவுட், இரண்டாவதில் இந்த ட்ரிக்கர். பாட்டு முழுவதையும் ஒரே ஓட்டத்தில் பதிவு செய்யுங்கள். நான்கு நிமிடப் பாட்டுக்கு, 120 வேகத்தில், 1920 பல்ஸ்கள் கிடைக்கும்.

இந்த ட்ரிக்கர், இசைச் சிக்னலைவிடப் பல மடங்கு பெரியது. மைக் இன்புட்டில் செருகவே கூடாது. லைன் இன்புட்டிலும் நடுவில் ஒரு சிறு தடுப்பு வையுங்கள்: கேபிளின் நுனிக் கம்பியில் வரிசையாக 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், அதைத் தாண்டி நுனிக்கும் உறைக்கும் இடையில் 1 கிலோ ஓம். பதினொன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும்.

பதிவான பல்ஸை அப்படியே திருப்பி அனுப்பினாலும் சில சமயம் வேலை செய்யும். ஆனால் அதன் விளிம்பு மழுங்கியிருக்கும். மென்பொருளின் உதவியால் ஒவ்வொரு பல்ஸ் தொடங்கும் இடத்திலும், 5 மில்லிவிநாடி நீளமும் முழு அளவும் கொண்ட சதுரத் துடிப்பு ஒன்றை வைத்துவிடுங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் அது 240 சாம்பிள். இந்த ட்ராக்தான் பாட்டின் தாளக்காரர். இதை வலப்பக்கம் முழுவதும் ஒதுக்கி, 606-இன் ஒலியை இடப்பக்கம் முழுவதும் ஒதுக்குங்கள். வலது லைன் அவுட்டிலிருந்து எஸ்எச்-101-இன் எக்ஸ்டர்னல் கிளாக் இன் ஜாக்குக்கு ஒரு கேபிள். ஹெட்ஃபோனில் இடது காது மட்டும் போதும். ஸ்பீக்கர்களைக் கழற்றி வைத்துவிடுங்கள், முழு அளவுத் துடிப்பு ட்வீட்டரைக் கெடுக்கும்.

எஸ்எச்-101-இல் லோட் அழுத்தி ஸ்வரங்களை வரிசையாக வாசியுங்கள். இடைவெளிக்கு ரெஸ்ட், நீட்டலுக்கு லெகாட்டோ. நூறு படி வரை ஏற்கும். துடிப்பு வருவதற்கு முன்பே பிளே அழுத்தி வையுங்கள். முதல் துடிப்பு வரும் வரை அது காத்திருந்து முதல் ஸ்வரத்திலிருந்து தொடங்கும். படி நகரவே இல்லையென்றால் அனுப்பும் அளவு போதவில்லை என்று பொருள். 5 வோல்ட் உச்சம் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது +13 டிபியூ (சிக்னல் அளவைச் சொல்லும் அலகு). உங்கள் இன்டர்ஃபேஸின் கையேட்டில் அதிகபட்ச வெளியீடு என்று தரப்பட்ட எண்ணைப் பாருங்கள். சாதாரண மோனோ கேபிளைச் செருகும்போது சில இன்டர்ஃபேஸ்களில் அளவு பாதியாகும். அளவு போதியும் நகரவில்லையென்றால் ட்ராக்கின் போலாரிட்டியைத் தலைகீழாக்கிப் பாருங்கள். ஒரு துடிப்புக்கு இரண்டு படி தாவினால், துடிப்பின் வால் இரண்டாவது துடிப்பாக எண்ணப்படுகிறது. நீளத்தைக் குறையுங்கள் அல்லது அளவை இறக்குங்கள்.

ஜூனோவில் இதே வேலையைச் செய்வது ஆர்பெஜியோ (பிடித்திருக்கும் ஸ்வரங்களை ஒவ்வொன்றாக வாசிப்பது) கிளாக் இன் ஜாக். துடிப்புக்கு ஒரு ஸ்வரம். இங்கேதான் துடிப்பை ட்ராக்காக வைத்திருப்பதன் பலன் தெரியும். ட்ராக்கை நகலெடுத்து, ஒன்று விட்டு ஒன்றை அழித்தால் ஆர்பெஜியோ பாதி வேகத்தில் போகும். மூன்று வைத்து ஒன்றை அழித்தால் மூச்சு விட்டு விட்டு வாசிக்கும். எஸ்எச்-101-க்குப் பதினாறு ஸ்வரத்துக்குப் பதில் பதினான்கு கொடுத்துப் பாருங்கள், மிஸ்ர சாபு போல. 606 பதினாறில் சுற்றும், பேஸ் பதினான்கில் சுற்றும். 606-இன் ஏழு சுற்று கழித்து 112-ஆம் படி முடியும்போது இரண்டும் மறுபடி சமத்தில் சேரும். 120 வேகத்தில் அது சரியாக 14 விநாடி. இந்தச் சேர்க்கையைக் கையால் நறுக்கி ஒட்டிச் செய்தால் உயிர் இருக்காது.

இந்த வழியில் ஒரு குறை உண்டு. 606-க்கு ஒரே மோனோ அவுட்தான், பேஸ் டிரமும் ஸ்னேரும் ஹை-ஹேட்டும் சேர்ந்தே பதிவாகும், பிறகு பிரிக்க முடியாது. ஆகவே பதிவுக்கு முன்பே அரை மணி நேரம் ஒலிக் குமிழ்களோடு உட்காருங்கள். ஹை-ஹேட்டை உங்களுக்குச் சரியென்று படுவதைவிட ஒரு கோடு குறைத்தே வையுங்கள், மேலே எல்லாம் சேர்ந்த பிறகு அதுதான் முதலில் துருத்தும். தனித்தனியாகத்தான் வேண்டும் என்றால், லேப்டாப்பின் மிடி கிளாக்கை, 606 புரிந்துகொள்ளும் பழைய தாள இணைப்பான டின் சிங்காக மாற்றும் சிறு பெட்டி தேவை. 606-இன் ஐந்து முள் சாக்கெட் மிடி போலவே தோன்றும். ஆனால் அதில் ஒரு முள்ளில் தொடக்கம்-நிறுத்தம், இன்னொன்றில் கால் ஸ்வரத்துக்கு 24 துடிப்பு. மிடி கேபிளைச் செருகிப் பயனில்லை. முதல் ஆல்பத்துக்கு ஒரே ஓட்டம்தான் நல்லது என்பேன். அந்தக் கடிகாரத்தின் நுண்ணிய அசைவுகளும் பாட்டுக்குள் வந்துவிடும், எல்லாமே அதோடு சேர்ந்து அசைவதால் பிசிறு தெரியாது.

சுருதிக்கு வருவோம். ஜூனோவின் ஆஸிலேட்டர்கள் டிஜிட்டல் கட்டுப்பாட்டில் இருப்பவை, நகராது. எஸ்எச்-101-இல் இருப்பது வோல்டேஜ் ஆஸிலேட்டர். ஒரு ஸ்தாயிக்கு 1 வோல்ட் என்ற கணக்கில், ஒரு அரைஸ்வரம் 83.3 மில்லிவோல்ட், ஒரு சென்ட் அதில் நூறில் ஒரு பங்கு. ஸ்விட்ச் போட்டு அரை மணி நேரம் கழித்தே தொடுங்கள். ஏசி காற்று நேராக அதன் மேல் படக் கூடாது. முதலில் ஜூனோவை ட்யூனரில் 440-க்கு வையுங்கள். கோரஸ் அணைந்திருக்கட்டும், அது சுருதியை ஆட்டும். பிறகு இரண்டிலும் 110 ஹெர்ட்ஸ் ஏ ஸ்வரத்தைப் பிடித்து, இரண்டும் சேரும்போது ஒலி ஏறி இறங்கும் அலைவைக் கேளுங்கள். ஐந்து விநாடிக்கு ஒரு அலைவு என்றால் ஏறத்தாழ 3 சென்ட் வித்தியாசம், அது போதும். பேஸ் எந்த ஸ்தாயியில் வாசிக்கப் போகிறதோ அங்கேயே சுருதி சேருங்கள். மேலே சேர்த்துவிட்டுக் கீழே வாசித்தால், ஸ்தாயி அளவில் உள்ள சிறு பிழை முழுவதும் பேஸில் வந்து இறங்கும். உங்கள் பேஸ் சேராததற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். கீழும் மேலும் தொடர்ந்து விலகினால் உள்ளே இருக்கும் விட்த் ட்ரிம்மரைத் திருத்த வேண்டும், அதை டெக்னீஷியனிடம் விடுங்கள்.

உறுமலுக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். எல்லாக் கேபிள்களையும் கழற்றிவிட்டு ஜூனோவில் ஹெட்ஃபோனை மட்டும் மாட்டிக் கேளுங்கள். அப்போதும் உறுமினால் கோளாறு உள்ளே, பவர் சப்ளையின் எலெக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்கள் காய்ந்திருக்கலாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் இந்த உறுமல் 100 ஹெர்ட்ஸில் வரும். 98 ஹெர்ட்ஸில் உள்ள ஜி ஸ்வரத்தைத் தட்டினால் அதன் பக்கத்திலேயே உரசுவது கேட்கும். ஹெட்ஃபோனில் சுத்தமாக இருந்து, லேப்டாப்போடு சேர்ந்ததும் உறுமினால் அது எர்த் லூப், அதாவது கருவிகளின் எர்த் இணைப்புகள் வளையமாகச் சேர்வதால் வருவது. சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். நின்றால் சார்ஜரைக் கழற்றியே பதிவு செய்யலாம். நிற்காவிட்டால் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ் (அந்த வளையத்தைப் பிரித்து ஒலியை மட்டும் கடத்தும் பெட்டி) வேண்டும், ஜூனோவின் ஸ்டீரியோவுக்கு இரண்டு. எர்த் முள்ளை வெட்டுவது உயிருக்கே ஆபத்து, யார் சொன்னாலும் செய்யாதீர்கள். 606-க்கும் எஸ்எச்-101-க்கும் ஒரு எளிய வழி உண்டு. இரண்டும் சி சைஸ் செல்லில் ஓடும், முதலாவதுக்கு நான்கு, இரண்டாவதுக்கு ஆறு. செல்லில் ஓட்டிப் பதிவு செய்தால் லூப்புக்கே வழியில்லை.

ஜூனோவில் இன்னொரு இரைச்சல், கோரஸின் சீறல். அதைக் கோளாறு என்று நினைத்துப் பழுது பார்க்கக் கொடுக்காதீர்கள். கோரஸ் சிப்களின் இயல்பு அது. நீங்கள் மெல்ல வாசித்தாலும் பலமாக வாசித்தாலும் சீறல் ஒரே அளவில் இருக்கும். எனவே விசிஏ (ஒலியின் அளவைத் தீர்மானிக்கும் பகுதி) அளவை ஏற்றி, ஒலி பெரிதாகக் கோரஸுக்குள் நுழையும்படி செய்யுங்கள். 24 பிட்டில், உச்சம் -12 டெசிபெல் அருகே போதும். ஸ்வரமே இல்லாத இடங்களை ஃபேட் போட்டு மூடுங்கள். இரைச்சல் நீக்கும் மென்பொருளைக் கடுமையாகப் போட்டால், நீண்டு ஒலிக்கும் பேட் ஒலியின் மேல்பகுதி நீர் ஒழுகுவது போல ஆகிவிடும். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வாசிக்கும் பகுதிகளுக்குக் கோரஸே வேண்டாம்.

எஸ்எச்-101-இல் ஒலிகளைச் சேமிக்கும் நினைவகம் இல்லை. ஒவ்வொரு டேக் முடிந்ததும் ஸ்லைடர்களை நேர் மேலிருந்து ஃபோனில் படம் எடுத்து, பாட்டின் பெயரோடு வையுங்கள். ஆறாவது பாட்டின் நடுவில் இரண்டாவது பாட்டின் பேஸைத் திருத்த வேண்டி வரும். ஜூனோ 56 ஒலிகளை நினைவில் வைத்திருக்கும், ஆனால் அதைக் காப்பது உள்ளே பற்றவைத்த 3 வோல்ட் லித்தியம் பேட்டரி. அதை மாற்றக் கொடுப்பதற்கு முன், டேப் சேவ் ஜாக்கை இன்டர்ஃபேஸில் செருகி, அந்தக் கீச்சொலியை ஒரு வேவ் கோப்பாகப் பதிவு செய்து, வெரிஃபை போட்டுச் சரிபாருங்கள். பேட்டரி கழன்ற நொடியில் 56-உம் போகும்.