பழைய சுசுகி ஜிம்னி ஜீப் ஒன்று வாங்கினேன், 70 தாண்டினால் ஸ்டியரிங் நடுங்குகிறது, 90இல் குறைகிறது. பிரேக் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் ஒன்றுதான். துணுக்காய்ப் பக்கம் வயல் ரோட்டில் ஓடி வந்த பிறகு கூடிவிட்டது. எலைன்மென்ட் (சில்லுகளின் கோணத்தைச் சரிபார்ப்பது) செய்தும் போகவில்லை. என்ன பிழை?

எலைன்மென்டில் போகாதது எனக்கு வியப்பில்லை. எங்கள் பக்கத்துக் கராஜ்காரர் ஒருவர் எல்லோருக்கும் சொல்வது: "அண்ணை, எலைன்மென்ட் பிழைச்சா வாகனம் இழுக்கும், டயரைத் தின்னும். நடுங்கிறது வேற."

நீங்கள் தந்த விவரமே பாதி விடை. 70இல் தொடங்குகிறது, 90இல் குறைகிறது, பிரேக் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் ஒன்றுதான், துணுக்காய்ப் பக்கம் வயல் ரோட்டில் ஓடி வந்த பிறகு கூடியிருக்கிறது. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வந்து போகும் நடுக்கம் பெரும்பாலும் சில்லின் பாரம் சமமில்லாததால் வருவது. (ஏ9இல் 70க்கு மேல் ஓடாமல் விட்டாலும் நடுக்கம் தெரியாது. ஆனால் பிழை அப்படியேதான் இருக்கும்.)

மாரியில் வன்னியில் ஓடும் ஜீப் என்றால் முதலில் சேற்றைப் பாருங்கள். வெளிப்பக்கம் கழுவினால் போதாது. சில்லைக் கழற்றி ரிம்மின் உள்பக்கத்தைப் பார்த்தால், வயல் சேறு காய்ந்து ஒரு பக்கமாக அப்பிப் பிடித்திருக்கும். சில்லின் பாரத்தைச் சமப்படுத்த, அதாவது பலன்ஸ் செய்ய, ஒட்டும் ஈயக்கட்டியே சில கிராம்தான். இந்தச் சேறு அதைவிட எத்தனையோ மடங்கு. தட்டி எடுத்துக் கழுவிவிட்டு ஓடிப் பாருங்கள். செலவில்லை.

அதற்கும் போகாவிட்டால் முன் சில்லுகளைப் பின்னுக்கும் பின் சில்லுகளை முன்னுக்கும் மாற்றுங்கள். நடுக்கம் ஸ்டியரிங்கை விட்டு சீட்டுக்கு இறங்கினால் பிழை சில்லில்தான். பலன்ஸ் செய்யக் கொடுக்க முதல் டயரையும் பாருங்கள். ஜக் வைத்துத் தூக்கி, ஒரு தடியை நிலத்தில் ஊன்றி, டயரின் முகத்துக்கு ஒரு விரல் இடைவெளியில் பிடித்துக்கொண்டு சில்லைச் சுழற்றுங்கள். இடைவெளி கூடிக் குறைந்தால் ரிம் நெளிந்திருக்கிறது, அல்லது டயரின் ரப்பருக்குள் இருக்கும் கம்பிப் பட்டி பிரிந்திருக்கிறது. பட்டி பிரிந்த டயரை எந்த பலன்ஸும் திருத்தாது, வெடிக்கவும் கூடும். டயர் ஓரத்திலுள்ள நாலு இலக்கத்தையும் வாசியுங்கள்: 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025இல்தான் திறந்தது. இடையில் கைமாறிய ஜீப்புகளில் பூ (ரோட்டைப் பிடிக்கும் வெட்டு) நிறைய இருந்தும் ரப்பர் கிழடாகிப்போன டயர்களைப் பார்க்கலாம்.

முன்னைய சொந்தக்காரர் வேறு அலோய் ரிம் போட்டிருந்தால், அதன் நடுத்துளை ஹப்பில் (சில்லு பூட்டும் நடுப்பாகத்தில்) இறுக்கமாக உட்காருகிறதா என்றும் பாருங்கள். ஜிம்னியின் ஹப்புக்கு 108 மில்லிமீற்றர்.

பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் டிஸ்க். உங்களுக்கு அது இல்லை.

இனி, நான் பயப்படுவது வேறொன்றுக்கு. ஜிம்னிக்கு முன்பக்கமும் ஒரே துண்டு அக்சில்தான். பள்ளத்தில் ஒரு சில்லு விழுந்ததும் ஸ்டியரிங் இரண்டு பக்கமும் வெறிபிடித்ததுபோல் அடித்து, வேகத்தை நன்றாகக் குறைத்தால்தான் நிற்கும் என்றால், அது பலன்ஸ் இல்லை. எங்கோ தேய்ந்துவிட்டது. அப்படிக் காட்டினால் அதோடு ஓடித் திரியாதீர்கள். சிலர் உடனே ஸ்டியரிங் டம்பர் (ஸ்டியரிங் ஆட்டத்தை அமுக்கும் சிறு ஷொக்) மாற்றச் சொல்வார்கள். புது டம்பர் ஆட்டத்தை அமுக்கும், ஆனால் தேய்ந்த சாமான் உள்ளே தேய்ந்துகொண்டே போகும்.

தேடுவது கடினமில்லை. சில்லுகள் நிலத்தில் இருக்க, எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஒருவர் ஸ்டியரிங்கை இங்கும் அங்கும் கொஞ்சமாக ஆட்டட்டும். மற்றவர் கீழே ரொட் எண்டுகளையும் (ஸ்டியரிங் கம்பிகளின் முனை மூட்டுகள்), அக்சிலைக் குறுக்கே பிடிக்கும் நீளக்கம்பியின் இரு முனை ரப்பர் புஷ்களையும் பார்க்கட்டும். ஸ்டியரிங் அசைந்து சில்லு அசைய முதல் எங்கே இடைவெளி விழுகிறதோ, அதுதான் ஆள். பிறகு ஜக்கில் தூக்கி, சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் சில்லுப் பெயரிங், நிற்காவிட்டால் கிங்பின் பெயரிங், அதாவது சில்லு இடம் வலம் திரும்பும் மூட்டின் பெயரிங்.

கிங்பின் என்று வந்தால் தண்ணீர் புகாமல் தடுக்கும் சீலையும் சேர்த்தே மாற்றுவியுங்கள். வெள்ளம் பாயும் ரோட்டில் ஓடும் வாகனம் அது. பழைய சீலுக்குள்ளால் தண்ணீர் போனால் கிரீஸ் பால் நிறமாகி, புதுப் பெயரிங்கும் துருப்பிடிக்கும்.